இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு

பி.காம். படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் முதல் வருஷம் முதல் வாரத்தில் வாத்தியார் கரும்பலகையில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தை ஆள் உயரத்துக்கு வரைந்தது மறந்திருக்காது. மேலே ஒரு கோடு. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படித்த படிப்பில் உங்களிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று வீட்டில் கிண்டல்கூட உண்டு.

அந்த ‘டி’க்கு வயசு ஐந்நூறுக்கும் மேல். 1494-இல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சியோலி என்ற துறவி ஒரு கணக்குப் புத்தகம் அச்சிட்டார். அதில் ஒரு பகுதி, வெனிஸ் வியாபாரிகள் பேரேடு எழுதும் முறையைப் பற்றியது. அவர் கண்டுபிடித்ததில்லை. வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்காக எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் உலகம் முழுக்க கணக்குப்பிள்ளைகள் பிழைப்பது அந்த வழியில்தான்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. பேரேட்டைப் பிரித்து வைத்தால் இடதும் வலதும் ஒரே பார்வையில் விழும். ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். தப்பு எங்கே இருந்தாலும் கண்ணில் குத்தும். கம்ப்யூட்டர் வந்தது, கூட்டல் கழித்தலையெல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது. கூடவே ஒன்றைப் பறித்துக்கொண்டும் போனது. ஒரு திரையில் ஒரு கணக்கைத் திறந்தால் இன்னொன்று மறைந்துவிடுகிறது. இதைப் பார், மூடு. அதைப் பார், மூடு. நடுவில் அந்த நம்பரைத் தலையில் சுமந்துகொண்டு போகவேண்டியது நீங்கள்!

‘எக்ஸெல்லில் ஒரு ஃபார்முலா போட்டால் வேலை முடிஞ்சுது, இதுக்கு என்ன இவ்வளவு பீடிகை’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டு வரலாம்.

*

சென்னை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் ரயில் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி. மாவட்டம் திருவள்ளூர். ஆனால் திருவள்ளூர் ஊர் இருப்பது அரக்கோணம் லைனில், இது வடக்கு லைனில். மாவட்டத் தலைநகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் வரவேண்டும் என்றால் சென்னைக்கு வந்து, வண்டி மாறி வரவேண்டும். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு பக்கம்!

சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள். அவற்றை நம்பி, வெட்டித் தர, துளைபோட்டுத் தர, வெல்டிங் வைத்துத் தர சின்னச் சின்னப் பட்டறைகள். அப்படியொரு பட்டறை என் கல்லூரி நண்பனுடையது. சிறு தொழில்கள் பற்றி ஒரு கட்டுரைக்காக அவனைப் பார்க்கப் போயிருந்தேன். தேதி 17. ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்கு இந்தத் தேதியின் அர்த்தம் புரியும்.

புரியாதவர்களுக்காக இரண்டு வரி. பட்டறைக்காரர் இரும்பு வாங்கும்போது 18 சதவீதம் வரி கொடுக்கிறார். தான் செய்த வேலைக்கு வரி கட்டும்போது, வாங்கியதில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா கழிக்க முடியாது. இரும்பு விற்றவர், மாதாமாதம் கணக்குக் கொடுப்பவராக இருந்தால், அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் அந்த பில்லை அரசாங்கத்திடம் பதிவு செய்திருக்கவேண்டும். 14-ஆம் தேதி ‘2பி’ என்று ஒரு பட்டியல் வரும். 2022 ஜனவரி 1 முதல், அந்தப் பட்டியலில் இருந்தால்தான் கழிவு. 20-ஆம் தேதிக்குள் வரி கட்டியாகவேண்டும். ஆக, நடுவில் கிடைப்பது ஆறே நாள். நம் கொள்முதல் கணக்கும் அந்த 2பி-யும் வரிக்கு வரி ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் கூடுதலாக ஒரு வம்பு. கொஞ்சதூரம் வடக்கே போனால் ஆந்திரா. அந்தப் பக்கத்திலிருந்தும் சரக்கு வருகிறது. ஜி.எஸ்.டி. எண் பதினைந்து எழுத்து. தமிழ்நாட்டுக்காரர் என்றால் 33-இல் தொடங்கும், ஆந்திராக்காரர் என்றால் 37. தமிழ்நாட்டு பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆந்திரா பில்லில் ஒருங்கிணைந்த வரி 18 என்று ஒன்றாக இருக்கும். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதுதான் விஷயமே.

நண்பனுடைய ஆபீஸ் அறையில் ஒரு பெண். முப்பதைத் தாண்டியவர், பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். அவரும் பி.காம்.தான். அங்கே இருக்கும் ஒரே டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க பில் போடுகிறார்கள், இ-வே பில் எடுக்கிறார்கள். அதனால் இவர் தன் சொந்த லேப்டாப்பைத் தூக்கிவந்து வேலை பார்க்கிறார். அதில் 2பி பட்டியலைத் திறக்கிறார். ஒரு பில் நம்பரை உதட்டுக்குள் முணுமுணுக்கிறார். சட்டென்று ஜன்னலை மாற்றுகிறார். கொள்முதல் கணக்கில் அந்த நம்பரைத் தேடுகிறார். மறுபடி மாற்றுகிறார். இப்படியே பில்லுக்கு பில்! யாராவது ஷெட்டிலிருந்து “அக்கா, கேட் பாஸ்” என்று கூப்பிட்டால் நம்பர் மறந்துபோகிறது. திரும்ப முதலிலிருந்து.

“ஃபார்முலா போட்டா வராதா?” என்று கேட்டேன்.

“போட்டேன் சார். முக்கால்வாசி தானா சேர்ந்துடும். மீதிதான் வம்பு. அவங்க பில் நம்பர்ல சாய்வுக் கோடு போட்டிருப்பாங்க, நம்ம ஆளு நடுக்கோடு போட்டு ஏத்தியிருப்பாரு. அவங்க பூஜ்யம் இருபத்தி நாலுன்னு எழுதுவாங்க, இங்க வெறும் இருபத்தி நாலுன்னு இருக்கும். மெஷினுக்கு அது வேற, இது வேற. கண்ணாலதான் பார்க்கணும்.”

சரியான பதில். பில் நம்பர் பதினாறு எழுத்து வரைக்கும் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. பதினாறு எழுத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவதைவிட, செங்கல் சுமப்பது சுலபம்.

நண்பன் தனியாக என்னிடம் சொன்னான். “நல்ல பொண்ணுதாம்ப்பா. ஆனா மாசாமாசம் இருபதாம் தேதி ராத்திரி வரைக்கும் இழுக்குது. போன தடவை ஒரு நாள் லேட்டாயிடுச்சு, வட்டி வேற. இந்த மேட்ச் பண்ற வேலையை வெளியில குடுத்துடலாம்னு பார்க்கிறேன்.” வெளியில் கொடுத்தால் இவருக்கு என்ன வேலை மிச்சமிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவனும் அதை யோசித்திருந்தான் என்று தெரிந்தது.

அறையின் மூலையில் ஒரு பழைய பத்தொன்பது இன்ச் மானிட்டர் தூசியோடு நின்றது. சதுரமாக இருக்குமே, அந்தக் காலத்து மாடல். “இதை மாட்டிப் பார்க்கலையாம்மா?”

“மாட்டினேன் சார். ரெண்டுலயும் ஒரே படம்தான் வருது. கடையில கேட்டேன். இது பழைய லேப்டாப், ரெண்டு ஸ்கிரீன் எடுக்காது, புதுசா வாங்கணும், நாற்பதாயிரம் ஆகும்னுட்டாங்க.”

அப்போதுதான் லேப்டாப்பைச் சரியாகப் பார்த்தேன். அரசாங்க லேப்டாப்!

*

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில். அடுத்தடுத்த வருஷங்களில் லட்சக்கணக்கான பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. விற்றவர்கள் உண்டு. படம் பார்த்தே தேய்த்தவர்கள் உண்டு. இந்தப் பெண் அதை வைத்துக்கொண்டே பி.காம். முடித்து, வேலைக்கும் வந்துவிட்டார்.

அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு இன்னொன்றும் இருந்தது. பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அந்தப் பக்கமே போகாத பிள்ளைகள் எத்தனையோ பேர். இவருடைய தம்பி போயிருக்கிறார். விண்டோஸ் திணற ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டு, புது லினக்ஸ் ஒன்றைப் போட்டு, அதற்கு மேலே ‘எக்ஸ்.எஃப்.சி.இ.’ என்ற டெஸ்க்டாப்பை வைத்துக் கொடுத்திருக்கிறார். பழைய மெஷினுக்கு அது தோது. அதிகம் அலட்டாது. நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி, உள்ளே ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. பேட்டரி செத்துப் பல வருஷம். யு.பி.எஸ்.ஸில் ஓடுகிறது.

“ரெண்டு ஸ்கிரீன் எடுக்காது” என்று கடைக்காரர் சொன்னதை முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது, விலை குறைந்த சின்ன லேப்டாப்களுக்கென்று ‘ஸ்டார்ட்டர்’ என்று ஒரு பதிப்பு வந்தது. அதில் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. டெஸ்க்டாப்பை இரண்டு திரைக்கு விரிக்கவும் முடியாது. மெஷினுக்குத் தெம்பு இல்லாமல் இல்லை. கூடுதல் காசு கொடுத்தால் திறக்கிற பூட்டு அது. அப்படிப்பட்ட மெஷின்களைப் பார்த்துப் பழகியவர் அப்படித்தான் சொல்வார்.

லினக்ஸில் அந்தப் பூட்டு இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அங்கேயும் இது சிரமம்தான். இரண்டாவது திரை வேண்டுமென்றால் ஒரு ஃபைலைத் திறந்து, எந்த மானிட்டர், எந்தப் பக்கம், எத்தனை புள்ளி என்று கையால் எழுதி, திரை முழுக்க அணைந்து மறுபடி வரும்வரை சாமியைக் கும்பிடவேண்டும். 2007-இல் ‘ராண்டர்’ என்ற பகுதியின் 1.2 பதிப்பு வந்த பிறகுதான், ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் சொருகி திரையைச் சேர்க்கும் வழி பிறந்தது. தவிர, இன்டெல் தன் கிராஃபிக்ஸுக்கான டிரைவரை ஓப்பன் சோர்ஸாகவே கொடுக்கிறது. அது லினக்ஸுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வருஷத்து லேப்டாப்புக்கு டிரைவர் சிடி எங்கே என்று தேடி அலையவேண்டாம்.

சரி, என்ன செய்தோம்? பெரிய வித்தை எதுவும் இல்லை. நீங்களும் செய்யலாம்.

நீல நிறத்தில், பதினைந்து ஊசி வைத்த கேபிள் தெரியுமா? வி.ஜி.ஏ. 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை லேப்டாப்பில் சொருகி, இரண்டு திருகையும் முறுக்கினோம். மானிட்டரை ஆன் செய்தோம். அமைப்புகளில் ‘டிஸ்ப்ளே’ என்று ஒரு இடம். திறந்தால் இரண்டு கட்டங்கள். ஒன்று லேப்டாப், ஒன்று மானிட்டர். ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெயர் ‘மிர்ரர்’, கண்ணாடி. அதனால்தான் இரண்டிலும் ஒரே படம். அந்த டிக்கை எடுத்ததும் கட்டங்கள் பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

“அட!” என்றார்.

அடுத்து ஒரு தமாஷ். மவுஸை மானிட்டர் பக்கம் தள்ளினால், திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிளக் பாயிண்ட் இருந்த பக்கமாக மானிட்டரை இடதுபுறம் வைத்திருந்தோம். கம்ப்யூட்டரோ அது வலதுபுறம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் எது எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்லவேண்டும். மானிட்டர் கட்டத்தை மவுஸால் பிடித்து இடது பக்கம் இழுத்து விட்டார். இரண்டின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்படி வைத்தார். ‘அப்ளை’. மவுஸ் லேப்டாப்பிலிருந்து கிளம்பி, சுவரேறிக் குதிப்பதுபோல மானிட்டருக்குள் போனது.

இனி ஒரு வேலைதான் பாக்கி. தினமும் சாயங்காலம் லேப்டாப்பைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகிறவர். காலையில் வந்து மறுபடி இத்தனையும் செய்யவேண்டுமா? எக்ஸ்.எஃப்.சி.இ.யில் 2019-இல் வந்த 4.14 பதிப்பிலிருந்து இந்த அமைப்பை ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். ‘ஆபீஸ்’ என்று பெயர் வைத்தார். மொத்தம் இருபது நிமிஷம். செலவு, டீயை நண்பன் கணக்கில் சேர்த்துவிட்டால், பூஜ்யம்.

மூலையில் தூசி தின்ற அந்தச் சதுர மானிட்டரை ஏளனம் செய்யாதீர்கள். லேப்டாப் திரையின் உயரம் 768 புள்ளி. அதன் உயரம் 1024. கணக்குத் தாளில் பத்துப் பன்னிரண்டு வரி கூடுதலாகத் தெரியும். அதில் கொள்முதல் கணக்கைத் திறந்தார். லேப்டாப்பில் 2பி.

இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அந்த ‘டி’!

அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு “சார்” என்று கூப்பிட்டார். என்னை இல்லை, முதலாளியை. இரண்டரை லட்ச ரூபாய் இரும்பு பில் ஒன்று. வரி 45,000. கொள்முதல் கணக்கில் மத்திய வரி 22,500, மாநில வரி 22,500 என்று ஏறியிருந்தது. 2பி-யில் ஒருங்கிணைந்த வரி 45,000 என்று இருந்தது. விற்றவர் எண் 37-இல் தொடங்குகிறது. ஆந்திரா பில்லைத் தமிழ்நாட்டு பில்லாக யாரோ ஏற்றிவிட்டார்கள். மொத்தக் கூட்டல் பிசகாமல் டேலி ஆகிறது, ஆனால் தலைப்பு தப்பு. அப்படியே கட்டியிருந்தால் பின்னால் நோட்டீஸ் வரும், விளக்கம் எழுதவேண்டும், திருத்தவேண்டும். கூட்டலைச் சரிபார்க்கும் எவராலும் இதைப் பிடிக்க முடியாது. இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

நண்பன் திரையைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். “வெளியில குடுத்திருந்தா இதை அவங்க பார்த்திருப்பாங்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். “33, 37 வித்தியாசம் இந்த ஊர்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியற மாதிரி மத்தவங்களுக்குத் தெரியுமாப்பா?” என்றேன். அந்தப் பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவில்லை. அந்த மாதம் 19-ஆம் தேதி மத்தியானமே வரி கட்டியாகிவிட்டது என்று போனில் சொன்னான். அவரிடம் கொடுக்கச் சொன்னேன். “எப்படிம்மா இருக்கு?” என்றதற்கு வந்த பதில்: “கழுத்துதான் கொஞ்சம் வலிக்குது சார்.”

*

கழுத்து வலிக்கு மருந்து உண்டு. மானிட்டரும் லேப்டாப்பும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் தலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். லேப்டாப்புக்குக் கீழே நாலு பழைய ரெஜிஸ்டரை அடுக்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரவேண்டும். தட்டச்சுக்குத் தனியாக ஒரு கீபோர்டு. அதிகம் பார்க்கிற திரை நேர் எதிரே, மற்றது சற்றே சாய்வாக.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள்.

வீட்டில் மானிட்டர் இல்லையா? சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. பழையது வாங்கினால் கடையிலேயே ஆன் செய்து, முழு வெள்ளைத் திரை, முழுக் கறுப்புத் திரை இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். செத்துப்போன புள்ளிகள் வெள்ளையில் தெரியும். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் கறுப்பில் தெரியும்.

உங்கள் லேப்டாப் புதிதா? நீலக் கேபிளுக்கு வாய் இருக்காது. எச்.டி.எம்.ஐ. இருக்கும். யு.எஸ்.பி. டைப்-சி மட்டும் இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை, எல்லா டைப்-சியும் படம் கொடுக்காது. லேப்டாப்போடு வந்த கையேட்டில் ‘டிஸ்ப்ளே’ வசதி உண்டா என்று பார்த்துவிட்டு கேபிள் வாங்குங்கள். சாதாரண யு.எஸ்.பி. வழியாகவே திரை தருகிறேன் என்று சொல்லும் சில டாக்குகளுக்கு லினக்ஸில் தனியாக டிரைவர் போடவேண்டியிருக்கும். வாங்கும் முன் விசாரியுங்கள்.

மூன்றாவது திரையும் வேண்டுமா? 2011-இல் வந்த இன்டெல் சிப் என்றால் ஒரே நேரத்தில் இரண்டுதான் தாங்கும், லேப்டாப் திரையையும் சேர்த்து. அடுத்த வருஷம் வந்த தலைமுறையிலிருந்து மூன்று. பேராசை வேண்டாம்.

லினக்ஸ் என்றால் எல்லாம் வெண்ணெய் என்று சொல்லவும் நான் தயாரில்லை. அந்தப் பட்டறையின் கணக்கு மென்பொருள் இன்றைக்கும் டெஸ்க்டாப்பில், விண்டோஸில்தான் ஓடுகிறது. அங்கிருந்து எக்ஸெல் தாளாக எடுத்து, லேப்டாப்பில் லிப்ரே ஆபீஸில் திறக்கிறார்கள். இரண்டு மென்பொருளும் சண்டை போடாமல் ஒரே மேஜையில் இருக்கின்றன. இன்னொன்று, இரண்டாவது திரை இருந்தால் அதில் கிரிக்கெட் ஸ்கோர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு எந்த டிஸ்ப்ளே அமைப்பிலும் மாற்று இல்லை!

2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப்கள் அந்தத் தேதிகளில் திடீரென்று ‘பழசு’ ஆயின. கம்பெனிக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் உங்கள் மெஷின் பழசா இல்லையா என்பதை, உங்கள் வேலையை வைத்து நீங்கள் முடிவு செய்யுங்கள். பி.காம். படித்தவனுக்கு அடிப்படைக் கேள்வி அதுதானே? சொத்தின் மதிப்பு புத்தகத்தில் தேய்ந்து பூஜ்யமாகிவிட்டது என்பதால், அது வேலை செய்யாது என்று அர்த்தமா?

புதுசு வாங்கக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பின் இரண்டு பக்கமும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இத்தனை வருஷத்தில் எதையுமே சொருகாத ஒரு ஓட்டை, தூசி அடைத்து, அங்கே இருக்கும். ஒரு பழைய பிரஷ் போதும், சுத்தம் செய்ய. பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் மானிட்டரை ஒரு நாள் கடன் கேளுங்கள். மிர்ரர் டிக்கை எடுக்க மறக்காதீர்கள்.